செயின் சத்தம் போட்டது, பெல்ட் போடாது

1970-களில் நீலகிரியில் கார் என்றால் பெரும்பாலும் எஸ்டேட் துரையின் அம்பாசடர், இல்லாவிட்டால் டாக்சி ஸ்டாண்டில் நிற்கும் ஃபியட். இரண்டிலும் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைத்தது, எஞ்சினுக்குள் எண்ணெயில் நனைந்தபடி ஓடிய இரும்புச் செயின். அது லேசில் அறாது. தேய்ந்து தொய்ந்தால் கலகலவென்று சத்தம் போடும். பர்லியாறு தாண்டி ஏறும்போதே டிரைவர் காதுக்கு விஷயம் தெரிந்துவிடும். பிரித்துப் பார்க்க நாள் குறிக்க அவகாசமும் இருக்கும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். செயின் இருந்த இடத்தில் பல் வைத்த ரப்பர் பெல்ட். ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில் 1962-லேயே வந்துவிட்ட ஏற்பாடுதான். எடை குறைவு, செலவு குறைவு, எண்ணெய் வேண்டாம், சத்தமும் இல்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வைத் திறக்கும் கேம் ஒரு சுற்று. கல்லாறு தாண்டியதும் மலை ரயில் பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறுகிறதே, அப்படிப் பல்லும் பல்லும் கவ்வியபடி ஓட வேண்டும். ஒரு பல் தாவினாலும் டைமிங் போச்சு.

சத்தமில்லாததுதான் வம்பு. பெல்ட் பெரும்பாலும் சொல்லிக்கொள்ளாமல் அறும். பல எஞ்சின்களில், திறந்து நின்ற வால்வைப் பிஸ்டன் வந்து இடித்து வளைத்துவிடும். சமவெளியில் வண்டி உருண்டு ஓரம் கட்டும். இங்கே இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தால், எஞ்சின் அணைந்த பிறகும் சக்கரங்கள் அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். சேதம் அங்கேதான் கூடுகிறது.

கிலோமீட்டரை நம்பியும் பயனில்லை. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே 20 கி.மீ. கூட இல்லை. பத்து வருஷம் ஓடிய வண்டியின் மீட்டர் 40,000-ஐத் தாண்டாமல் இருக்கலாம். ரப்பருக்கோ வயது ஏறிக்கொண்டேதான் போகும். கம்பெனிப் புத்தகங்கள் கிலோமீட்டரோடு வருஷக் கணக்கும் போட்டு, எது முந்துகிறதோ அதில் மாற்றச் சொல்வது இதனால்தான்.

அன்று பட்டறையில் எடுபிடியாக நின்று கற்ற வேலையை இன்று மொபைலில் வீடியோ பார்த்து வீட்டு வாசலில் செய்கிறார்கள். பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் கூரியரில் வந்து இறங்குகின்றன. ஆனால் சமதரையில் எடுத்த வீடியோவில் மலைக்காரனின் முதல் சிக்கல் இருக்காது. சரிவில் நிறுத்தும் வண்டியை நாம் கியரில் போட்டுத்தான் விடுவோம். இந்த வேலைக்குக் கிராங்க்கைக் கையால் சுற்ற வேண்டும் என்பதால் கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். பிறகு வண்டியைப் பிடித்திருப்பது ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துக்கு வைத்த கல்லும் மட்டுமே. முதல்முறை செய்பவர் சமமான இடம் கிடைக்கும்வரை ஸ்பேனரைத் தொடாமல் இருப்பதே நல்லது. வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைக்க வேண்டும்.

பேட்டரி ஒயரைக் கழற்றி, கவரைத் திறந்து, பழைய பெல்ட்டை எடுக்கும் முன்பே கேம், கிராங்க் இரண்டின் டைமிங் மார்க்கையும் அதனதன் குறிக்கு நேராகச் சேர்த்துவிட வேண்டும். புது பெல்ட்டை மாட்டி டென்ஷன் வைத்ததும் சாவியைத் திருகக் கூடாது. எஞ்சின் ஓடும் திசையிலேயே ஸ்பேனரால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று மெல்லச் சுற்றி, மார்க் மறுபடி நேருக்கு நேர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் 'டக்'கென்று முட்டி நின்றால் அழுத்தக் கூடாது. வால்வும் பிஸ்டனும் முட்டுகின்றன என்று பொருள். அங்கே கையை எடுத்தால் செலவு ஒன்றுமில்லை, திரும்ப மார்க் வைக்கும் நேரம்தான்.

மாருதியின் கே சீரிஸ் எஞ்சின்களில் செயினே திரும்பி வந்துவிட்டது. மின்சாரக் காரில் இரண்டுமே கிடையாது. ஆனாலும் பழைய 800-ம் சான்ட்ரோவும் இண்டிகாவும் மலையில் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மாற்றியவர் தேதியையும் கிலோமீட்டரையும் பெல்ட் கவரின் மேலேயே பெயின்ட்டில் எழுதிவிடுவது நல்லது. வாங்குபவர் டயரை உதைத்துப் பார்க்கும் முன் அந்த எழுத்தைத் தேட வேண்டும். இல்லையென்றால், மீட்டர் எவ்வளவு குறைவாகக் காட்டினாலும், புது பெல்ட்டுக்கான பணத்தை விலையில் கழித்துப் பேசலாம்.