பந்தலுக்குக் கீழே நடக்கும் உழவு

தேனி மாவட்டம் உத்தமபாளையம் தாலுகாவில் இருக்கிறது ராயப்பன்பட்டி. பக்கத்திலே சண்முகா நதி அணை. ஊரைச் சுற்றித் திராட்சைப் பந்தல்கள். 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளைகிற பூமி இது.

பந்தலில் தொங்கும் குலையைப் பார்க்காதவர் இல்லை. பந்தலுக்குக் கீழே குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

மழை பெய்த மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். ஈர மண்ணில் பென்சில் முனை நுழைகிற அளவில் துளைகள். துளை வாயில், இடியாப்பம் பிழிந்து வைத்ததுபோல் சின்னச் சின்ன மண் குவியல். அது மண்புழுவின் எச்சம்!

மாடும் இல்லை, கலப்பையும் இல்லை

மண்புழுவுக்குக் கண் கிடையாது, காது கிடையாது, பல்லும் கிடையாது. பிறகு எப்படி வளை தோண்டுகிறது?

உடம்பை மெலிதாக நீட்டி, முனையை மண் இடுக்கில் நுழைக்கும். பிறகு உடம்பைத் தடிக்கச் செய்யும். இடுக்கு அகலும். மண் கெட்டியாக இருந்தால் அதைத் தின்றுகொண்டே முன்னேறும்!

உதிர்ந்த இலையும் மட்கிய குப்பையும் மண்ணோடு சேர்ந்து அதன் வயிற்றுக்குள் போய், எருவாக வெளியே வருகின்றன. வளை வழியே வேருக்குக் காற்று போகிறது. மழைத் தண்ணீர் வழிந்து ஓடாமல் உள்ளே இறங்குகிறது.

இங்கிலாந்து அறிஞர் சார்லஸ் டார்வின் இந்தப் புழுவைப் பற்றி 1881-ல் ஒரு புத்தகமே எழுதினார். அந்த நாட்டின் பல இடங்களில், ஏக்கருக்கு ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் வயிற்றைக் கடந்து வருகிறது என்று கணக்கிட்டார். ஒரு லாரி நிறைய மண்!

வீட்டில் தொட்டியில் புழு வளர்த்து, பியானோவும் வாசிக்கச் சொன்னார். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து வாசித்ததும், சட்டென்று வளைக்குள் ஓடின. காது இல்லாவிட்டால் என்ன? அதிர்வு உடம்பில் தெரிகிறதே!

வரப்பில் ஒரு திருடன்

வளை தோண்டுகிற எல்லாமே உழவனுக்கு நண்பன் அல்ல. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல், முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீரை நம்பி இருக்கிறது. வயல் எலி வரப்பைக் குடைந்தால் அந்தத் தண்ணீர் ஒழுகிப் போகும். கதிரையும் கடித்து இழுத்து வளைக்குள் சேர்த்து வைக்கும்.

எலியைப் பிடிக்கத் தஞ்சாவூர்க் கிட்டி இருக்கிறது. சாரைப் பாம்பும் இருக்கிறது. சாரைக்கு விஷம் இல்லை; வளைக்குள்ளேயே புகுந்து எலியை விழுங்கும். அதைத்தான் கண்ட இடத்தில் தடியெடுத்து அடிக்கிறார்கள்!

மயில்துத்தம் செய்யும் வேலை

மண்புழுவுக்கு வரும் ஆபத்து வேறு வகை.

திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வரும். தடுப்பதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளிப்பது வழக்கம். மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. குப்பை மட்கும், செம்பு மட்காது. இலையிலிருந்து வழிந்து, மேல் மண்ணிலேயே தங்கிவிடும். ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்தால் புழுக்கள் குறையும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு அளவே வைத்துவிட்டது. ஒரு ஹெக்டேரில், அதாவது இரண்டரை ஏக்கரில், 7 ஆண்டுகளுக்குச் சேர்த்து 28 கிலோ செம்புக்கு மேல் போகக்கூடாது.

மருந்தே அடிக்காமல் இருக்க முடியுமா? நோய் வந்தால் குலை போய்விடும். விவசாயியின் சங்கடம் அது. ஆனால் தெளித்ததைக் கணக்கு எழுதி வைக்கலாம். தொழு உரம் போட்டுப் புழுவுக்குத் தீனி கொடுக்கலாம்.

புழு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் செலவு ஒன்றும் இல்லை. மழைக்கு மறுநாள், பந்தலுக்குக் கீழே ஒரு மண்வெட்டி மண்ணை வெட்டிப் புரட்டி எண்ணிப் பார்க்க வேண்டியதுதான். எண்ணுவதற்கு வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம்.