வானத்திலிருந்து கனிமம் தேடலாமா?

ஜியாலஜி லேபில் ஒரு வெள்ளைக் கட்டியைக் கொடுத்தால் அது கால்சைட்டா, கயோலினைட்டா என்று எப்படிப் பார்க்கிறோம்? இரண்டு சொட்டு அமிலம் விட்டால் கால்சைட் பொங்கும். கயோலினைட் சும்மா இருக்கும். இருபது கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து அமிலம் விட முடியாது. ஆனால் வெளிச்சத்தை வைத்தே பிரித்துவிடலாம்.

எப்படின்னா, வெயில் பட்டதும் பல கனிமங்கள் சில அலைநீளங்களை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். வரைபடமாகப் போட்டால் விழுங்கிய இடத்தில் பள்ளம் விழும். கயோலினைட்டுக்கு 2.2 மைக்ரான் அருகே இரட்டைப் பள்ளம். கால்சைட்டுக்கு 2.34 அருகே. எல்லாம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதி.

லேண்ட்சாட்டின் தீமாட்டிக் மேப்பர் கருவி 2.08 முதல் 2.35 வரை மொத்தத்தையும் ஒரே பட்டையாக அளந்தது. இரண்டு பள்ளமும் அதற்குள்ளேயே விழுந்தால் எது எதுன்னு எப்படிச் சொல்வது? நாசாவின் அவிரிஸ் கருவி 0.4 முதல் 2.5 மைக்ரான் வரை 224 பட்டைகளாக நறுக்கியது. ஒவ்வொன்றும் சுமார் 10 நானோமீட்டர். இந்த முறைக்குத்தான் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் என்று பெயர்.

அமெரிக்காவின் நெவாடாவில் குப்ரைட் என்றொரு வறண்ட பகுதி. ஒரு காலத்தில் வெந்நீர் ஏறிப் பாறைகளை மாற்றிய இடம். 1995ல் அவிரிஸ் அங்கே பதிவு செய்ததை அமெரிக்க நிலவியல் அளவைத் துறையினர் ஆய்வக அளவீடுகளோடு ஒப்பிட்டு, அலுனைட், கயோலினைட், மஸ்கோவைட் என்று தனித்தனி நிறத்தில் வரைந்துவிட்டார்கள்.

"தங்கம் தெரியுமா?" இதைச் சொன்னதும் என்னை எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். தெரியாது! டன்னுக்குச் சில கிராம் தங்கம் வானத்திலிருந்து எப்படித் தெரியும்? தெரிவது கூட்டாளிதான். குப்ரைட்டுக்கு வடக்கே கோல்ட்ஃபீல்டில், 1900களின் தொடக்கத்தில் தங்கம் வெட்டிய பாறைகளில் அலுனைட் கூடவே இருந்தது. அதற்காகக் கூட்டாளி இருக்கிற இடத்தில் எல்லாம் தங்கம் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. குப்ரைட்டிலும் அலுனைட் கொட்டிக் கிடக்கிறது. கோல்ட்ஃபீல்டு மாதிரி தங்கச் சுரங்கம் அங்கே வரவில்லை. அதனால் படத்தை நம்பி நேரே ட்ரில் போட முடியாது. நடந்து போய் மாதிரி எடுத்து, லேபில் பார்த்த பிறகுதான் அந்தச் செலவு.

இன்னொரு சங்கடம், இந்த வெளிச்சம் பாறையின் மேல்தோலோடு நின்றுவிடும். மேலே கொஞ்சம் மண் மூடினாலும் போச்சு. இஸ்ரோவும் நாசாவும் 2015-16ல் அவிரிஸின் புதிய தலைமுறைக் கருவியை இந்தியாவில் பறக்கவிட்டபோது, ராஜஸ்தானின் ஜஹாஸ்பூர் போன்ற வறண்ட பாறைப் பகுதிகளையும் படம் எடுத்தார்கள். பாறை அங்கே வெளியே தெரியும். நம்ம நீலகிரிச் சோலைக்கு மேலே பறந்தால் அதே கருவிக்கு இலைதான் தெரியும்.