அரும்பு நிலையில் தங்கிவிடும் குழந்தைகள்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றியங்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும், மாநிலத்தின் பிற பகுதிகளைப் போலவே, 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், குழந்தைகளை அவர்கள் அடைந்துள்ள திறனுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளில் வைத்துக் கற்பிக்க, அவர்களின் அடைவை ஆசிரியர் கைப்பேசிச் செயலியில் பதிகிறார். கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யப் பிறந்த இந்தப் பதிவு, கணிதக் கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளை இனங்காணும் வேறொரு பெரும்பணிக்கும் உதவக்கூடியது.

டிஸ்கால்குலியா எனப்படும் கணிதக் கற்றல் குறைபாடு அறிவுக் குறைவன்று. எண்ணின் அளவை உணரும் திறனில் நேரும் தடுமாற்றம். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என எழுதும் பிழை பல குழந்தைகளிடம் காணப்படுவதுதான். சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலோர் திருத்திக்கொள்வர். ஆனால் மூன்று புள்ளிகளைக்கூடப் பார்த்த மாத்திரத்தில் மூன்று என்னாமல் விரல் வைத்து எண்ணும் குழந்தைக்கு, அதே பாடத்தை மீண்டும் மீண்டும் நடத்துவதால் மட்டும் பயன் விளையாது. கற்றல் குறைபாட்டை உள்ளடக்கிய 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ், 2018இல் வந்த வழிகாட்டுதல்கள் சான்றளிப்பதற்குக் குறித்த தொடக்க வயது 8. 'எண்ணும் எழுத்தும்' தன் இலக்காகக் கொண்டதும் அதே வயதுதான்.

இத்தகைய குழந்தைகளுக்காக அன்னா வில்சன், ஸ்டனிஸ்லாஸ் டெஹான் குழுவினர் 2006இல் பிரான்சில் வெளியிட்ட 'நம்பர் ரேஸ்' என்னும் இலவசக் கணினி விளையாட்டு, இரு குவியல்களில் பெரியது எது எனக் கேட்டு, விடை தவறினால் வேறுபாட்டைக் கூட்டியும் சரியானால் குறைத்தும், ஏறத்தாழ நான்குக்கு மூன்று முறை குழந்தை வெல்லுமாறு தன்னை மாற்றிக்கொள்கிறது. கணக்கு என்றாலே தோல்வி என்று பழகிய குழந்தைக்கு இது மிகப் பெரிய ஆறுதல். எனினும், 9 குழந்தைகளிடம் 5 வாரம் நடந்த தொடக்க ஆய்வில் கழித்தல் மேம்பட்டதே தவிர, பத்தடிமான எண்முறை பற்றிய புரிதல் மேம்படவில்லை. அதற்குக் குச்சிகளே ஏற்றவை: ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொண்ட 52இலிருந்து ஏழு குச்சிகளை உருவ வேண்டுமானால் ஒரு கட்டைப் பிரித்தே ஆகவேண்டும் என்பதைக் கை அறிந்த பிறகு திரைக்குப் போவதே முறை.

ஆகவே செயலி, நிலையை மட்டுமன்றிப் பிழையின் வகையையும் பதிய வேண்டும்; இரண்டு பருவங்கள் கடந்தும் அரும்பிலேயே இருக்கும் குழந்தையின் விவரம், ஆசிரியர் தனியே கடிதம் எழுதிக் காத்திராமல், அந்தந்த வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநருக்குத் தானாகவே சென்றுசேர வேண்டும்.