அவனை யார் பார்த்துக் கொள்வது?

விடுமுறை என்று வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு சிறு மகாநாடு கூடும். குற்றாலமா, திருச்செந்தூரா, பாபநாசமா என்று வாதப் பிரதிவாதங்கள் நடக்கும். கங்கைகொண்டானில் எங்கள் வீட்டு மகாநாட்டில் மட்டும் பல வருஷங்களாக ஒரே கேள்விதான் தலைமை வகித்து வந்தது: "அவனை யார் பார்த்துக் கொள்வது?"

'அவன்' என்பது என் இளைய மகன். வயது பத்து. அவனுக்கு ஆட்டிஸம். பேச்சு குறைவு, கூட்டமும் கூச்சலும் அவனைக் கலக்கிவிடும். ஆகவே அவன் பாட்டியுடன் வீட்டில் இருப்பான். நாங்கள் ஊர் சுற்றிவிட்டு வந்து பலகாரப் பொட்டலத்தை அவன் கையில் கொடுப்போம். அதையே அன்பு என்று எண்ணியிருந்தோம்.

ஒரு தடவை துணிந்து, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் அவனைக் குற்றாலத்துக்கு அழைத்துச் சென்றோம். அருவியின் பேரிரைச்சல், நீண்ட வரிசை, நெரிசல்! பையன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறினான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "இந்த மாதிரிப் பிள்ளையை ஏன் ஐயா வெளியே கொண்டு வருகிறீர்கள்?" என்றார். அவர் கெட்டவரல்லர். நாங்கள் வீட்டுக்குள் இத்தனை காலம் மெதுவாகச் சொல்லி வந்ததை அவர் உரக்கச் சொன்னார்; அவ்வளவுதான். அதுதான் நெஞ்சைச் சுட்டது.

பாடம் புரியாத மாணவனைக் குறை கூறாதே, பாடம் நடத்தும் முறையை மாற்றிப் பார் என்று இளம் ஆசிரியர்களுக்கு உபதேசம் செய்கிறவன் நான். என் வீட்டில் அந்த உபதேசம் செல்லுபடியாகவில்லையே!

அடுத்த பிரயாணத்தைச் சிறியதாக வைத்துக்கொண்டோம். எங்கள் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் திருநெல்வேலி; நடுவே தாழையூத்து. மூன்று நாள் முன்பிருந்தே ரயில், ஆறு, படித்துறை, வீடு என்று நான்கு படங்கள் வரைந்து, வரிசையாகக் காட்டி வந்தோம். கூட்டம் சேருமுன், காலை வேளையிலேயே குறுக்குத்துறைக்குப் போய்விட்டோம். தாமிரபரணியின் படியில் உட்கார்ந்து அரைமணி நேரம் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தான். பிறகு தானாகவே நான்காவது படத்தைத் தொட்டுக் காட்டினான். உடனே திரும்பிவிட்டோம். முருகன் தரிசனம் அடுத்த தடவைக்கு என்று வைத்துக்கொண்டோம். முருகன் கோபித்துக் கொள்ளவில்லை.

இத்தகைய குழந்தையுள்ள பெற்றோருக்கு நான் அநுபவத்தில் கண்ட யோசனைகள் இவை: ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். பழகிய தின்பண்டமும், இரைச்சலைத் தடுக்கக் காதடைப்பானும் பையில் இருக்கட்டும். குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் டெலிபோன் எண் எழுதிய காகிதம் இருக்க வேண்டும். நீர்நிலைக்கு அருகில் ஒருவர் வேறு வேலையின்றி அவனை மட்டுமே கவனித்துக் கொள்ள வேண்டும். "போதும்" என்று குழந்தை தெரிவித்தால் அதுவே முடிவு.

துணையின்றிப் பிரயாணம் செய்ய இயலாத அறிவுத்திறன் குறைபாடு உடையவருக்கும், உடன் செல்லும் ஒருவருக்கும், இரண்டாம் வகுப்பு முதலிய வகுப்புகளில் ரயில் கட்டணத்தில் 75 சதவிகிதச் சலுகை உண்டு. உரிய வைத்தியச் சான்று வேண்டும். இதைப் பெறக் கூச்சப்படலாகாது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிஸம் உள்பட 21 வகைக் குறைபாடுகளைக் கூறுகிறது. பொழுதுபோக்கிலும் அவர்களுக்குச் சம பங்கு வேண்டுமென்கிறது. எனவே இது தயவன்று, உரிமை.

நடக்க இயலாத குழந்தைகளின் சங்கடம் வேறு. சக்கர நாற்காலி மணலில் புதையும், படித்துறையில் இறங்காது. சென்னை மெரினாவில் அலையருகே செல்ல மரப்பாதை ஒன்று 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. முதல் தடவையாகக் கடல் நீரைத் தொட்டவர்களின் முகங்களை அப்போது பத்திரிகைப் படங்களில் கண்டோம். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு செப்பனிட்டார்கள். பாதை போடுவதோடு வேலை தீர்வதில்லை, அதைக் காப்பாற்றவும் வேண்டும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். நம் ஆற்றங்கரைகளிலும் ஒரு படித்துறைக்காவது சாய்தளம் அமைத்தால் என்ன?

ஆனால் சர்க்கார் அமைக்க முடியாத பாதை ஒன்று உண்டு. ஒரு குழந்தை பொது இடத்தில் அலறும்போது, வெறித்துப் பார்க்காமல் சற்று விலகி, "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்பதுதான் அது. நேயர்களே, அதற்குச் செலவு ஒரு தம்பிடிகூட இல்லை.

இந்த வருஷமும் எங்கள் வீட்டில் மகாநாடு கூடியது. கேள்வி மாறிவிட்டது: "அவனுக்கு எந்த இடம் பிடிக்கும்?" அவன் எழுந்து போய், நான்கு படங்களையும் எடுத்து வந்து, ரயில் படத்தை என் மடியில் வைத்தான்.