கூரைத்தள நீர்க்கசிவு

கூரைத்தள நீர்க்கசிவு என்பது மொட்டை மாடியில் தேங்கும் மழைநீர் விரிசல் வழியே இறங்கி, உட்கூரையில் ஈரமாகவோ சொட்டாகவோ வெளிப்படுவதாகும். ஃபெஞ்சல் புயலால் 2024 டிசம்பர் தொடக்கத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய மழையில் சிறு விரிசலும் பெருங்கசிவாகும்.

உடனடி நடவடிக்கைகள்

- மின்விசிறி, விளக்கு அருகே நீர் இறங்கினால் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். ஈரக் கையாலோ நீரில் நின்றபடியோ அதைத் தொடக்கூடாது.
- உப்பிய பூச்சுக்குக் கீழே யாரும் படுக்கக்கூடாது.
- சொட்டும் இடத்தில் வாளி வைத்து, பொருட்களை நகர்த்த வேண்டும்.
- மழை விட்டபின் மாடி நீர்ப்போக்குக் குழாயை அடைத்த சருகுகளை அகற்ற வேண்டும்.

நிலையான தீர்வு

நீர் பக்கவாட்டிலும் பரவுவதால், விரிசல் கறைக்கு நேர் மேலே இருக்க வேண்டியதில்லை. தட்டோட்டு இணைப்புகள், கைப்பிடிச் சுவரின் அடி, குழாய் நுழையும் இடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உள்ளே மட்டும் பூசி வண்ணம் அடித்தால் கசிவு மறையும், நிற்காது. உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். எனவே மேற்புறத்தை அடைப்பதே தீர்வாகும்.

வாடகை வீடுகள்

ஓசூர் தொழிற்பேட்டைப் பகுதியில் வாடகைக்குக் குடியிருப்போர் பலர். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, குடியிருப்போரால் நேர்ந்த சேதம் நீங்கலாக, கட்டமைப்புப் பழுதுகள் பொதுவாக வீட்டு உரிமையாளரின் பொறுப்பாகும். கறையைத் தேதியுடன் படமெடுத்து அவருக்கு எழுத்தில் தெரிவிப்பது நல்லது.