ரோல் ப்ளேயிங் கேமுக்கு கைடு வாங்கப் போகிறீர்களா?

சேலம், நாமக்கல் பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கேம் பாதியில் நிற்கிறது. மேலே போக வழி தெரியவில்லை. புத்தகம் ஏதாவது வாங்கலாமா?" விசாரித்துப் பார்த்தால் அவர்கள் விளையாடுவது பெரும்பாலும் ஆர்.பி.ஜி. எனப்படும் ரோல் ப்ளேயிங் கேமாக இருக்கும்.

இந்த வகை கேமில் நீங்கள் ஒரு கதாபாத்திரமாகவே மாறிவிடுகிறீர்கள். ஊர் ஊராகச் சென்று ஆட்களிடம் பேச வேண்டும். அவர்கள் தரும் வேலைகளை முடிக்க வேண்டும். சண்டை போடப் போட அனுபவப் புள்ளிகள் சேர்ந்து உங்கள் லெவல் உயரும். ஒரு கேமை முடிக்க 40, 50 மணி நேரம் ஆவது சாதாரணம். கார் ரேஸில் தோற்றால் ஐந்து நிமிடம்தான் போகும். ஆர்.பி.ஜி.யில் முதல் மணி நேரத்தில் செய்த ஒரு காரியத்தின் பலன் முப்பதாவது மணி நேரத்தில்தான் தெரியும். அதனால்தான் இவற்றுக்கென்றே தடிமனான வழிகாட்டிப் புத்தகங்கள் அச்சாயின.

நாமக்கல் லாரி டிரைவர் ஒருவரிடம் வழி கேட்டுப் பாருங்கள். எங்கே திரும்ப வேண்டும், எந்தப் பாலத்தின் அடியில் லோடு வண்டி நுழையாது, எங்கே டீசல் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்வார். போய்ச் சேரும் ஊரில் என்ன இருக்கிறது என்று கதை அளக்க மாட்டார். நல்ல கைடும் அப்படித்தான் இருக்க வேண்டும். வாங்கும் முன் நான் பார்க்கும் விஷயங்களைக் கீழே தருகிறேன்.

முன்கூட்டியே எச்சரிக்கிறதா?

2006இல் பிளே ஸ்டேஷன் 2க்கு வந்த ஃபைனல் ஃபேன்டஸி 12இல் சோடியாக் ஸ்பியர் என்ற பலமான ஈட்டி உண்டு. ஆனால் வழியில் வரும் குறிப்பிட்ட நான்கு பெட்டிகளில் ஒன்றைத் திறந்தாலும், நெக்ரோஹால் என்ற இடத்தில் அது உங்களுக்குக் கிடைக்காது. அந்த நான்கில் ஒன்று தொடக்க நகரத்திலேயே இருக்கிறது! கேம் இதைப் பற்றி வாயே திறக்காது. நல்ல கைடு அந்தப் பெட்டி வரும் பக்கத்திலேயே "இதைத் தொடாதீர்கள்" என்று சொல்ல வேண்டும். ஈட்டியைப் பற்றிய பக்கத்தில் சொன்னால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

எந்தப் பதிப்புக்கு எழுதியது?

2018இல் இதே கேம் 'சோடியாக் ஏஜ்' என்ற பெயரில் கம்ப்யூட்டருக்கு வந்தது. அதில் அந்த நான்கு பெட்டி நிபந்தனை இல்லை. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு புதிய பதிப்பை ஆடினால், பெட்டிகளை வீணாக விட்டுச் செல்வீர்கள். எனவே புத்தகத்தின் ஆண்டையும், உங்களிடம் உள்ள கேமின் பதிப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதில் புத்தகத்திலேயே இருக்கிறதா?

2000இல் பிராடி கேம்ஸ் வெளியிட்ட ஃபைனல் ஃபேன்டஸி 9 கைடு இன்றும் கேலிக்கு ஆளாகும் ஒன்று. முக்கியமான பல தகவல்களை அச்சிடாமல், ஒரு குறிச்சொல்லைக் கொடுத்து, பிளே ஆன்லைன் என்ற இணையதளத்தில் போய்ப் பாருங்கள் என்றது. காசு கொடுத்து வாங்கியவர் இன்டர்நெட் இணைப்புக்கும் செலவழிக்க வேண்டும்! கரண்ட் போன நேரத்தில்கூடப் புரட்டிப் படிக்க முடிய வேண்டும். அதுதான் அச்சுப் புத்தகத்தின் பலம்.

மேப், அட்டவணை, இன்டெக்ஸ்

2002இல் வந்த மாரோவிண்டில் போக வேண்டிய இடத்தை அம்புக்குறி காட்டாது. "இந்தச் சாலையில் போ, பாலம் தாண்டி வடக்கே திரும்பு" என்று ஆட்கள் வாயால்தான் வழி சொல்வார்கள். இப்படிப்பட்ட கேமுக்குத் தெளிவான மேப் இல்லாத கைடு பயன்படாது. ஆயுதங்களின் விலை, பலம் ஆகியவை அட்டவணையாக இருக்கட்டும். கடைசிப் பக்கங்களில் இன்டெக்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிக்கிக்கொண்டவர் முதல் பக்கத்திலிருந்து படிக்கப் போவதில்லை. தேவையான பக்கத்தை அரை நிமிடத்தில் பிடிக்க வேண்டும்.

கதையை உடைக்காமல் இருக்கிறதா?

யார் துரோகி, யார் சாகப் போகிறார் என்பதை மேப்பின் ஓரத்தில் எழுதிவிட்டால் பிறகு விளையாடுவதில் என்ன சுவை? முதலில் ஒரு சிறு குறிப்பு, முழு விடை தனியாக வேறு பக்கத்தில் என்று பிரித்துத் தருவதே சிறந்த முறை.

எங்கே கிடைக்கும்?

பிராடி கேம்ஸ் 2015இல் பிரைமா கேம்ஸுடன் இணைந்தது. பிரைமாவும் தன் அச்சு கைடுகளை நிறுத்தப் போவதாக 2018இல் அறிவித்தது. எனவே பழைய கேம்களுக்குப் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் பிரதிகளைத்தான் தேட வேண்டும். புதியவற்றில் ஃபியூச்சர் பிரஸ், பிக்கிபேக் ஆகியோர் தயாரித்தவை உள்ளன. ஆன்லைனில் வாங்கினால் மாதிரிப் பக்கங்களைப் பார்த்த பிறகே ஆர்டர் செய்யுங்கள்.

செலவு அதிகம் என்று தோன்றினால் 40 பக்க நோட்டு ஒன்று போதும். இடது பக்கத்தில் மேப் வரையுங்கள். வலது பக்கத்தில் யார் என்ன வேலை கொடுத்தார், திறக்க முடியாத கதவு எங்கே இருக்கிறது, கடைசியாக எங்கே சேவ் செய்தீர்கள் என்று எழுதுங்கள். பத்து நாள் கழித்து மீண்டும் கேமைத் திறக்கும்போது, நீங்கள் விட்ட இடத்தை எந்தக் கைடும் சொல்லாது. உங்கள் நோட்டு சொல்லும்.