கட்டியைக் காட்டும் செவ்வொளி

மூளையில் தோன்றும் புற்றுக்கட்டிகளுள் மிகக் கொடியவற்றில் ஒன்று கிளையோபிளாஸ்டோமா. இதனை அகற்ற முற்படும் அறுவைச் சிகிச்சை நிபுணருக்கு நேரும் பேரிடர், கட்டி எங்கே முடிகிறது, நல்ல மூளை எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குப் புலப்படாமையே ஆகும். நடுப்பகுதியை எளிதில் அறியலாம். விளிம்போ வேர்விட்டாற்போல் திசுவினுள் பரவிக் கிடக்கிறது. பிற உறுப்புகளில் கட்டியோடு சிறிது நல்ல சதையையும் சேர்த்து எடுத்துவிடலாம். மூளையில் அவ்வாறு செய்யின், நோயாளி பேச்சையோ கைகால்களின் இயக்கத்தையோ இழக்க நேரிடும்.

கட்டியை ஒளிரச் செய்து காணும் முயற்சி பழமையானதே. அமெரிக்காவில் மினிசோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜார்ஜ் மூர், ஃபுளூரசின் என்னும் சாயத்தை இரத்தக் குழாயில் செலுத்தி மூளைக் கட்டிகளை இடங்கண்ட முறையை 1948-இல் வெளியிட்டார். ஆனால் இச்சாயம் கட்டியைச் சூழ்ந்த வீக்கத்திலும் கசிந்து படரக்கூடியது.

பின்னர் ஜெர்மனியில் வால்டர் ஷ்டும்மரும் அவருடைய குழுவினரும் கையாண்ட வழி வேறு. அவர்கள் சாயத்தைச் செலுத்தவில்லை. சாயத்தைக் கட்டியே உண்டாக்கிக்கொள்ளுமாறு மூலப்பொருளை அளித்தனர். அப்பொருள் அமினோலெவுலினிக் அமிலம். இரத்தத்தின் செந்நிறத்திற்குக் காரணமான ஹீம் என்னும் பொருளை நம் உடல் இவ்வமிலத்திலிருந்தே ஆக்குகிறது. கடைசிப் படியில் புரோட்டோபார்பிரின் என்னும் வளையத்தினுள் இரும்பு புகுகிறது. புற்றணுக்களில் இப்படி மந்தமாக நடைபெறுவதால், இரும்பு சேராத வளையம் அங்கே தேங்கிவிடுகிறது. அதன்மேல் ஏறத்தாழ 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலஊதா ஒளி பட்டால் அது செந்நிறமாக ஒளிர்கிறது. இரும்பு சேர்ந்துவிட்டாலோ அவ்வொளி இல்லை.

இதே வளையத்தில் இரும்புக்குப் பதில் மெக்னீசியத்தைச் சேர்த்துத்தான் தாவரங்கள் பச்சையத்தை ஆக்கத் தொடங்குகின்றன. ஆகவே ஆசிரியர்கள் இந்நிகழ்ச்சியின் உறவினை வகுப்பிலேயே காட்டலாம். பசுங்கீரையை ஸ்பிரிட்டில் அரைத்து வடிகட்டி, இருட்டறையில், ரூபாய் நோட்டுகளைச் சோதிக்கும் ஊதா டார்ச்சு விளக்கைக் காட்டினால் பச்சைச் சாறு இரத்தச் சிவப்பாய் ஒளிரும். (ஸ்பிரிட்டு தீப்பற்றக்கூடியது, நெருப்பு அருகில் இருத்தலாகாது. விளக்கை நேரே நோக்குதலும் கூடாது.)

நோயாளியின் எடையில் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் மருந்தைக் கரைத்து, மயக்க மருந்து கொடுப்பதற்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பு குடிக்கச் செய்கின்றனர். 2006-இல் வெளியான ஜெர்மானியச் சோதனையில், இம்முறையால் 100-க்கு 65 பேரிடம், பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் கட்டி முழுவதும் நீங்கியிருந்தது. வெள்ளொளியில் மட்டும் அறுவை செய்யப்பட்டோரில் 36 பேரிடமே நீங்கியது. ஆறு மாதம் வரை நோய் முற்றாதிருந்தவர்கள் முறையே 41 பேரும் 21 பேரும் ஆவர். எனினும் மொத்த ஆயுளில் திட்டமான வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவில் 2007-லும் அமெரிக்காவில் 2017-லும் இம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

சிவந்து தெரிவதையெல்லாம் வெட்டிவிடலாம் என்று எண்ணுவது பிழை. ஒளிரும் திசு பேச்சுக்குரிய பகுதியிலும் இருக்கலாம். அப்போது நோயாளியை விழித்திருக்கச் செய்து, பேசவைத்துக்கொண்டே நிபுணர் கத்தியை நகர்த்துவதும் உண்டு. இரத்தத் துளி மூடினாலும் ஒளி மறையும். விளிம்பில் புற்றணுக்கள் அருகியுள்ள இடங்கள் ஒளிராமலே போவதுண்டு. முதிராத கட்டிகள் பெரும்பாலும் ஒளிர்வதில்லை.

இப்பொருள் தோலிலும் சிறிது தேங்குகிறது. ஆதலால் மருந்துண்டபின் 24 மணி நேரம் நோயாளியின்மேல் வெயிலோ கடும் விளக்கொளியோ படாமல் காக்கின்றனர்.